பத்தொன்பதாம் வரிசைக்கு ஈ வருவதில்லை

2024 ஜனவரி 8, திங்கள். காலை 7.10

வரிசை 19. செடிகள் இருபத்துநான்கு. ஊசிப்புழு பூஜ்யம். வெள்ளை ஈ பூஜ்யம். காய்ப்புழு பூஜ்யம்.

மூன்று முறை எண்ணினேன். எண்ண ஒன்றுமே இல்லாததை மூன்று முறை எண்ணுவது முட்டாள்தனம், தெரியும். ஆனால் இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 20, இரண்டும் சல்லடையாகத் தொங்குகின்றன. இந்த வலைக்குடிலுக்குள் பூச்சியைக் கொண்டுவந்து விட்டதே நான்தான். ராயக்கோட்டை மண்டியில் கழித்துக் கொட்டிய புழுக்காயைச் சாக்கில் அள்ளி வந்து ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் பரப்பினேன். எல்லா வரிசைக்கும் ஒரே விருந்து. 19-ல் மட்டும் யாரும் கை நனைக்கவில்லை.

இது ஆறு வருட வேலை. நான் சேர்ந்து இரண்டு வருடம். காட்டுத் தக்காளி ஒன்று இருக்கிறது. காய் கோலிக்குண்டு அளவு, பழுத்தாலும் பச்சை, வாயில் வைத்தால் துப்பத்தான் வேண்டும். ஆனால் அதன் இலையிலும் தண்டிலும் பிசுபிசுவென்று ஒரு சுணை, மெல்லிய முடி. பூச்சி உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுணையை மட்டும் சந்தைத் தக்காளிக்குள் கொண்டுவர வேண்டும், கசப்பை வாசலோடு நிறுத்த வேண்டும். கலப்பு செய்து, அதன் பிள்ளையைச் சந்தைத் தக்காளியோடு மறுபடி கலந்து, அதற்குப் பிறந்ததை மறுபடியும். ஒவ்வொரு தலைமுறையிலும் தொண்ணூறு சதவீதத்தைப் பிடுங்கி எறிய வேண்டும். மிஞ்சியதை வரிசைக்கு ஒரு வகையாக நடுவோம். பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குக் கிடையாது. ஆனால் பிடுங்கி எறிவதில் நான் கெட்டிக்காரன்.

பூச்சித் தாக்குதலுக்கு நாங்கள் போடும் மதிப்பெண் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். ஒன்பது வாங்கினால் செடி போய்ச் சேர்ந்தது. பூஜ்யம்தான் முதல் ரேங்க். இந்த ஆராய்ச்சி நிலையத்தில் இதுவரை யாரும் பூஜ்யம் வாங்கியதில்லை.

தரவுப் புத்தகத்தில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருக்கிறார்கள். மற்றதை இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 12

முனிரத்னம்மாவுக்கும் எனக்கும் இன்று சின்னச் சண்டை.

இந்த அம்மாதான் மொட்டு உரிக்கும் பெண்களுக்குத் தலைவி. பூ விரிவதற்கு முந்தின நாளே மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தை ஊசிமுனையால் உரித்து எடுப்பார்கள். மறுநாள் நாம் சொல்லும் செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். "வூட்ல கேட்டா, ஆம்பளைய உரிச்சிப் போடற வேலைன்னு சொல்வன் சார். எங்கூட்டுக்காரரு அன்னிக்கி பூரா வாயத் தொறக்க மாட்டாரு" என்பார். எல்லாப் பெண்களும் இதைக் கேட்டு ஐந்து வருடமாகச் சிரிக்கிறார்களாம்.

இன்று சொன்னது: "சார், பத்தொம்பதுல சிலந்திகூட இல்ல. பாத்தீங்களா?"

"சிலந்திக்குத் தின்ன ஈ இல்லை. ஈ இல்லாத இடத்தில் சிலந்திக்கு என்ன வேலை?"

"எறும்பு?"

"அசுவினி இருந்தால்தான் எறும்பு வரும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதிலு வெச்சிக்கிறீங்க சார் நீங்க" என்றார். அது பாராட்டு இல்லை.

பதில் இருக்கும்போது சொல்லாமல் என்ன செய்வது.

ஜனவரி 17

காணும் பொங்கல். விடுமுறை. எங்கும் போகவில்லை.

மத்தியானம் சங்கவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "ஏங்க, இங்க வாங்க. மீன் திரும்புற மாதிரி இருக்கு." கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கையில் ஒரே ஒரு தட்டு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டுவது போல.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஜனவரி 27

19 பழுத்துவிட்டது. மற்ற வரிசைகளைவிட ஒரு வாரம் முந்தி. தோல் கெட்டி, கொத்துக்கு ஏழு எட்டுக் காய், இனிப்பும் புளிப்பும் சந்தை ரகத்தைவிட மேல். கசப்பு துளியும் இல்லை. குடிலில் நின்றபடியே ஆறு பழம் தின்றேன்.

பெண்கள் யாரும் தொடவில்லை. மற்ற வரிசைப் பழமென்றால் முந்தானை நிறைய முடிந்துகொண்டு போகிறவர்கள்.

"ஏன் வேண்டாம்?"

"அணில் கடிக்காத பழத்த நாங்க இன்னாத்துக்குக் கடிக்கணும்?" என்றார் முனிரத்னம்மா.

வீட்டுக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். மாசமான நாளிலிருந்து சங்கவிக்குப் புளிப்பு என்றால் உயிர். கழுவக்கூட விடவில்லை. உப்பைத் தொட்டுத் தொட்டு, சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி.

பிப்ரவரி 2

சங்கவி தொக்கு செய்திருக்கிறாள். தினமும் கொண்டுவரச் சொல்கிறாள். கொண்டுவருகிறேன்.

பிப்ரவரி 7

எரிச்சல்.

தக்காளி விதையைச் சுற்றி ஒரு கொழகொழப்பு இருக்கும். பழத்தைப் பிசைந்து வாளியில் வைத்தால் ஒன்றரை நாளில் புளித்து, நுரை தள்ளி, அந்தக் கொழகொழப்பு கழன்று, விதை அடியில் தங்கிவிடும். புளிக்க வைப்பது அவ்வளவு சுலபமான வேலை. யாரும் எதுவும் செய்ய வேண்டாம், அழுகல் தானாக நடக்கும்.

19-ன் வாளி மூன்று நாளாக அப்படியே இருக்கிறது. நுரை இல்லை. நாற்றம் இல்லை. இப்போதுதான் பிசைந்து வைத்த மாதிரி சிவப்பாக, குளிர்ச்சியாக. பக்கத்தில் 20-ன் வாளி பொங்கி வழிந்து, பழ ஈ மொய்த்து, கிட்டே போக முடியவில்லை. 20-ன் நுரையை ஒரு குவளை அள்ளி 19-ல் ஊற்றினேன். சாயங்காலம் பார்த்தால் அந்த நுரையும் அடங்கிவிட்டது.

முனிரத்னம்மா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு மூடியைப் போட்டார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 8

ஆசிட் போட்டுக் கழுவி எடுத்துவிட்டோம். அரை மணி நேர வேலை. இதற்குப் போய் மூன்று நாளை வீணாக்கினேன்.

விதை நன்றாக இருக்கிறது. தடித்த, மஞ்சள் விதை. முளைப்புத் திறனுக்குப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முளைத்திருக்கிறது. ஐயா ராசா.

வீட்டில் இட்லி மாவு பொங்கவில்லை. இது மூன்றாவது தடவை. ராயக்கோட்டைக் குளிர் என்று சங்கவி வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துப் பார்த்தாள், கம்பளி சுற்றிப் பார்த்தாள். எங்கள் வீடுகளில் மாவைக் கையால்தான் கரைப்பார்கள், கரைத்த கையைப் பொறுத்துத்தான் மாவு பொங்கும் என்று நம்பிக்கை. "என் கைக்கு என்ன ஆச்சு" என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஒரு தடவை கரைச்சுப் பாருங்க" என்றாள். கரைத்தேன். என்னுடையதும் பொங்கவில்லை. தயிரும் உறையவில்லை.

கடையில் மாவு பாக்கெட் விற்கிறது. வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நல்ல செய்தி: கொசுவத்தி ஏற்றி ஒரு வாரம் ஆகிறது. தேவைப்படவில்லை.

பிப்ரவரி 21

கோதண்டராமன் சாருக்குப் பெங்களூருக்கு ஒரு பெட்டி நிறையப் பழமும் ஒரு பொட்டலம் விதையும் அனுப்பினேன். எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர். எண்ணை நம்ப மாட்டார், நாக்கைத்தான் நம்புவார்.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வடைத்தட்டு எப்போதும் கறுப்பாக இருக்கும், அவ்வளவு ஈ. நான் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தட்டு மஞ்சளாயிற்று. கடைக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், தினம் வந்து உக்காருங்க. டீக்குக் காசு வேணாம்" என்றார். சிரித்தேன். வடையைத் தின்றுவிட்டு எழுந்து தெருவைக் கடந்து திரும்பிப் பார்த்தேன். தட்டு மறுபடியும் கறுப்பு.

சுணையில் இருக்கும் பிசின் சட்டையில் ஒட்டியிருக்கும். துவைத்தால் போய்விடும்.

பிப்ரவரி 26

கிருஷ்ணகிரியில் ஸ்கேன். இதயத் துடிப்பு சரி, எடை சரி, எல்லாம் சரி. டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி, "குழந்தை ரொம்ப அமைதியா இருக்கே. ஏதாவது இனிப்பு சாப்பிட்டுட்டு வந்து படுங்கம்மா" என்றார். சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். நடக்கச் சொன்னார்கள். நடந்தாள். மறுபடி படுத்தாள்.

திரையில் அவன் இருந்தான். முழங்காலை மடக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவன் என்று நானாகத்தான் எழுதுகிறேன், அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

"தூங்குது போல. சில குழந்தைங்க அப்படித்தான்" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் வரும்போது சங்கவி கேட்டாள். "போன வாரத்துலேர்ந்தே குறைஞ்சிட்டுங்க. நான்தான் சொல்லல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"டாக்டர்தான் சொன்னாரே."

"நான் உங்களக் கேட்டேன்."

ஜன்னலோரம் அவள். வழியெல்லாம் மாமரம் பூத்திருந்தது.

மார்ச் 4

முனிரத்னம்மா வேலை நேரத்தில் என்னை வெளியே கூப்பிட்டார். வலைக்குடிலுக்குக் கிழக்கே வேலியை ஒட்டி அவர்கள் கால் ஏக்கரில் வெள்ளரி போட்டிருக்கிறார்கள். கொடி பார்க்க நன்றாக இருந்தது. பூ கொட்டிக் கிடந்தது. பிஞ்சு ஒன்றுகூட இல்லை. பூவுக்குப் பின்னால் விரலளவு காய் தெரிந்து, மஞ்சளாகி, உதிர்ந்துவிடுகிறது. தேனீ தொடாத பூ.

"எங்க கொழுந்தனார் கொல்ல மேற்கால கீது. அங்க காய் மூட்ட மூட்டயா வருது. இங்க ஒரு தேனீ கண்ணுல படல சார். எதுனா லீவு லெட்டரு வாங்கிக்கினு அனுப்பிட்டீங்களா?"

"காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. மணம் கொஞ்சம் வரும். அறுவடை முடிந்தால் சரியாகிவிடும்."

"மணமா? எங்களுக்கு ஒரு மணமும் தெர்லியே."

எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லவில்லை.

"கையால மகரந்தம் தொட்டு வெச்சிருவோம் எங்க கொடிக்கு. தெரிஞ்ச வேலதான்" என்றார். "ஊரு பூரா தொட்டு வெக்க ஆளு கெடைப்பாங்களா சார்?"

பதில் இருந்தது. பத்தொன்பதுக்கு நடுவில் வேறு ரகத்தைக் கலந்து நடலாம், ஓரத்தில் செண்டுமல்லி வைக்கலாம். சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

மார்ச் 11

வளைகாப்பு நன்றாக முடிந்தது. மன்னார்குடியிலிருந்து அத்தையும் சொந்தக்காரர்களும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கை நிறைய வளையல். ஒரு சித்தி, "வளையல் சத்தத்துக்குப் பிள்ள துள்ளுமே, துள்ளுதா?" என்று கேட்டாள். சங்கவி என்னைப் பார்த்தாள். "துள்ளுது சித்தி" என்றாள்.

சாயங்காலம் அத்தையோடு கிளம்பிப் போய்விட்டாள். இனிமேல் பிரசவம் வரை அங்கேதான். தொக்கு ஜாடியை நான்தான் பையில் வைத்தேன். வேன் கிளம்பியதும் பார்த்தால் ஜாடி வாசற்படியில் இருந்தது.

வீடு சுத்தமாக இருக்கிறது. பல்லி இல்லை, கரப்பான் இல்லை. தின்ன ஏதாவது இருந்தால்தானே.

மார்ச் 24

சங்கவி போன் செய்தாள். எடுத்ததும், "ஏங்க, கொசு கடிக்குதுங்க" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"கொசு வலை போட்டுக்கொள்."

"வேண்டாங்க. நேத்து சாயங்காலம் ஒண்ணு கடிச்சுது. அப்படியே கைய நீட்டிட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்கு அஞ்சாறு. கால் பூரா தடிப்பு." மூச்சு வாங்கினாள். "இன்னிக்கு மத்தியானம் அவன் உதைச்சான். அம்மா கைய வச்சுப் பாத்தாங்க. சும்மா இல்ல, தட்டத் தள்ளிவிடுற மாதிரி உதை. இங்க வந்து அந்தத் தக்காளி ஒண்ணுகூடத் தொடல நான்."

"ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஊர் மாறியிருக்கிறது. தண்ணீர், சாப்பாடு, உன் மனசு, எல்லாமே மாறியிருக்கிறது."

அந்தப் பக்கம் சொறியும் சத்தம் கேட்டது.

"நீங்களும் நிறுத்திடுங்க."

"பார்க்கலாம்."

மார்ச் 25

நிறுத்தப் போவதில்லை. யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

எந்தச் சோதனையிலும் ஒப்பீட்டுச் செடி வேண்டும். மருந்து அடித்ததற்குப் பக்கத்தில் அடிக்காதது ஒன்று இருந்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும். சங்கவி நிறுத்திவிட்டாள். அப்படியானால் ஒருவர் தொடர வேண்டும். நான்தான் இருக்கிறேன். தினமும் காலையில் நான்கு, சாயங்காலம் நான்கு.

எனக்கு எந்தக் கேடும் இல்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. கையில் கத்தி கீறிய காயம் சீழ் வைக்காமல் இருக்கிறது. ஆறவும் இல்லை, அது வேறு விஷயம்.

ஏப்ரல் 3

கோதண்டராமன் சார் அவராகவே கூப்பிட்டார். இரண்டு வருடத்தில் இது முதல் தடவை.

"இளம்பரிதி, என்னய்யா பழம் அது. வீட்ல வேற தக்காளியே வாங்கறதில்ல இப்போ. ஒன்றரை மாசமாச்சு, நீ அனுப்பின பெட்டியில ஒண்ணுகூட அழுகல. மொட்டை மாடித் தொட்டியில உன் விதையப் போட்டேன், என்னமா வந்திருக்கு தெரியுமா. எங்க அபார்ட்மென்ட்ல கொசுவே இல்லய்யா. அசோசியேஷன்ல கார்ப்பரேஷனுக்கு நன்றி சொல்லி லெட்டர் போட்டிருக்கானுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நாப்பது விவசாயிங்களுக்கு இந்தப் பட்டத்துலயே குடுத்துடலாம். அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கறது முட்டாள்தனம். பதினேழாந்தேதி வண்டி அனுப்பறேன், இருக்கற விதை பூரா ஏத்தி விட்ரு."

இதைத்தான் இரண்டு வருடமாகக் கேட்கக் காத்திருந்தேன். சரி சார் என்றேன்.

போனை வைக்கப் போகும்போது சொன்னார். "இன்னொண்ணு கேளு. எங்க பேரன், ரெண்டு வயசு, ராட்சசன். வீட்டையே தலைகீழாக்குவான். இப்போ அவ்ளோ சமத்து. அழறதே இல்ல. உக்கார வச்ச எடத்துல உக்காந்திருக்கான். உன் தக்காளி சாதம்னா மட்டும் வாயத் தொறக்கறான்."

"நல்லது சார்" என்றேன்.

ஏப்ரல் 6

இன்று குடிலில் யாரும் இல்லை. மொட்டு வேலை முடிந்துவிட்டது. காற்றாடியை நிறுத்தினேன்.

எந்தக் குடிலிலும் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். ஒரு வண்டு வலையில் முட்டும், இலைக்குள் ஏதாவது கொறிக்கும். 18-ம் 20-ம் எப்போதோ காய்ந்துவிட்டன. புழு தின்று அல்ல, புழு போய் நாளாகிவிட்டது. சும்மா காய்ந்துவிட்டன. 19 மட்டும் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஏப்ரல் வெயிலில் ஒரு இலைகூட வாடவில்லை. போன மாதம் உதிர்ந்த பழங்கள் அடியில் கிடக்கின்றன. குனிந்து ஒன்றை எடுத்தேன். காம்பிலிருந்து இப்போதுதான் பறித்த மாதிரி இருந்தது.

என் மூச்சுச் சத்தம் கேட்டது. அது கொஞ்சம் தாமதமாக வருவது போல் இருந்தது.

மதிப்பெண்: பூஜ்யம்.

ஏப்ரல் 7

இன்று சாப்பிடவில்லை. காரணம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 14, மன்னார்குடி

சித்திரை முதல் நாள். இன்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். புதுச் சட்டை, புது வேட்டி. ராயக்கோட்டையிலிருந்து எதையும் எடுத்து வரவில்லை. திருச்சி பஸ் நிலையத்தில் ஒரு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன், இங்கே வீட்டுக்குள் வருமுன் ஒரு தடவை.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். சாயங்காலம் ஐந்து மணிக்கே கொசு ரீங்காரம் தெருவிலேயே கேட்கிறது. சங்கவி கூடத்தில் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை, கால், கழுத்து எல்லாம் சிவப்புத் தடிப்பு. நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். சொறிந்துகொண்டே, "பாத்தீங்களா, எங்க ஊர்க் கொசு என்னை மறக்கல" என்றாள்.

அத்தை காபி கொண்டுவந்தார். வைத்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். "மாப்ள, என்ன சோப்பு போட்டுக் குளிக்கிறீங்க? நீங்க வந்து உக்காந்ததும் ஒண்ணு கூடக் காணும். அத எங்களுக்கும் ரெண்டு வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

சங்கவி சிரிப்பதை நிறுத்தினாள்.

"எப்ப நிறுத்துனீங்க?"

"ஒரு வாரம்."

"நான் சொல்லி மூணு வாரம் ஆச்சு."

காபியைக் குடித்தேன். பிறகு அவளே சொன்னாள். "காலைலேர்ந்து ஒரே ஆட்டம். நீங்க உள்ள வர்றப்பகூட உதைச்சான். புடவ மேலேயே தெரிஞ்சுது, பாத்தீங்கல்ல?" பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன். பச்சைப் புடவை ஓரிடத்தில் மேடாகி அமுங்கியது. பக்கத்தில் போய்க் கையை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான். காத்திருந்தோம். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் மணியடித்தபடி போனார்கள்.

"தூங்கிட்டான்" என்றாள்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். சொம்பை வாயில் வைத்தபடி திரும்பிப் பார்த்தேன். புடவை எழும்பியது. பக்கவாட்டில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை. சொம்பை வைத்துவிட்டு வந்து கையை வைத்தேன். நின்றுவிட்டது.

மறுபடி சமையலறை. மறுபடி எழும்பியது. இந்தத் தடவை தொடவில்லை. பாயில், அவளுக்குப் பக்கத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். நின்றுவிட்டது.

ஒரு முறை நடந்தால் தற்செயல். இரண்டு முறை என்றால் சந்தேகம். மூன்றாவது முறைக்கு என்ன பெயர் என்று எனக்குப் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சங்கவி இரண்டாவது முறையிலேயே புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல், வயிற்றைப் பார்த்தபடி சொன்னாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்."

தள்ளி உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

தூணருகில் போனேன். "இன்னும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். வாசல் நிலையைத் தாண்டிப் படியில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டினாள். வந்துவிட்டது என்று அர்த்தம்.

விதை வயலில் ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் இடைவெளி விடுவோம், மகரந்தம் கலக்காமல் இருக்க. எத்தனை அடி என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கும். இதற்கு யாரும் எழுதிவைக்கவில்லை. நான் அளந்தது: வாசற்படி.

அத்தை உள்ளேயிருந்து, "என்ன மாப்ள வெளியவே நிக்கிறீங்க, விளக்கு வைக்கிற நேரத்துல" என்று கூப்பிட்டார்.

"காத்து நல்லா இருக்கு அத்தை" என்றேன்.

ஏப்ரல் 15, காலை, திருச்சி பஸ் நிலையம்

சங்கவியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். படியிலிருந்தேதான். "எப்ப வருவீங்க?" என்றாள். சொன்னேன். என்ன நிபந்தனை என்பதையும் சொன்னேன். அவள் அதற்குத் தலையாட்டியது எனக்கு வலித்தது, ஆனால் சரி.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார வந்தாள். எழுந்து பின்னால் வந்துவிட்டேன்.

பெங்களூர் விஷயம் நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. ஏப்ரல் மூன்றாம் தேதியே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. நல்லது சார் என்றேன்.

செய்ய வேண்டியவை:

1. இறங்கியதும் நேராக நிலையம். வரிசை 19 முழுவதையும் வேரோடு பிடுங்கி டீசல் ஊற்றி எரிக்க வேண்டும். உதிர்ந்த பழம், கட்டிய சணல், அடிமண் உட்பட. அழுகவிடலாம் என்று குழியில் போடக்கூடாது. அது அழுகாது.

2. விதைப் பொட்டலங்கள் அத்தனையும் கொதிநீரில். பிறகு அவற்றில் கொஞ்சம் முளைக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று முளைத்தாலும் மறுபடி முதலிலிருந்து.

3. முனிரத்னம்மாவின் கொல்லைக்குப் போய் வெள்ளரிக்கு மகரந்தம் தொட்டு வைக்க ஆள் அனுப்ப வேண்டும். நான் போகக்கூடாது. போனில் முனிரத்னம்மா கேட்கும் எதற்கும் பதில் சொல்லாமல், முழுவதும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. கோதண்டராமன் சாருக்குப் போன். செடியெல்லாம் வைரஸில் போய்விட்டது என்று பொய் சொல்லலாம் என்றிருந்தேன். வேண்டாம். பேரன் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். கடைசியாக எப்போது அழுதான் என்று கேட்க வேண்டும். மாடித் தொட்டியை இன்றே கவிழ்க்கச் சொல்ல வேண்டும். சிரித்தால், நானே பெங்களூர் போய்க் கவிழ்க்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் போகக்கூடாது.

5. வேலை போகும். போகட்டும். மன்னார்குடியில் அத்தை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்க்க வேண்டும். இரண்டு தெரு போதுமா என்பது சங்கவிக்குத்தான் தெரியும். அவள் சொல்கிற இடத்தில் பார்க்கலாம்.

6. தினமும் சாயங்காலம் பாமணி ஆற்றங்கரையில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். ஒரே ஒரு கொசு கடித்தால் போதும்.

7. அதுவரை பிள்ளையைத் தூக்குவதில்லை.